மார்கழியில் உறையாத எண்ணெய்

"நான் குடுத்தது ஆறு அச்சுமுறுக்கு. தட்டுல இப்ப அஞ்சுதான் இருக்கு. அந்த ஒண்ணு எங்கே போச்சுன்னு உன் தங்கச்சியைக் கேளு. என்னை ஏன் கேக்கறே?" மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டு தனம் கத்தினாள்.

"அக்கா, எண்ணெய்ல பொரிச்ச எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கதவுல எழுதிக்கூட ஒட்டியிருக்கேன்." படிக்குக் கீழே நின்ற ஜெரோமும் குரலைக் குறைக்கவில்லை. அவன் கையில் அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை இருந்தது. அதில் இருந்ததைப் பார்த்தால் யாருமே பால் என்றுதான் சொல்வார்கள். "இதைப் பாருங்க. நேத்து காலையில தண்ணி மாதிரி, நாப்பது மில்லின்னு தங்கச்சி எழுதி வெச்சிருக்கா. இன்னிக்கு நூத்தி எண்பது, வெள்ளை வெளேர்னு."

"கிறிஸ்துமஸ் வருது, கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சு ஒரு தட்டு அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் அந்தத் தெருவில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இவ்வளவு சத்தம் கேட்டால், வீட்டுக்காரி தாயாரம்மாள் வராமல் இருப்பாளா? வந்தாள். தெருவில் எந்தச் சண்டைக்கும் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதாக அவளுக்கு ஓர் எண்ணம். வெந்நீர் வைத்த அடுப்பை அணைத்துவிட்டு, நடு மாடியிலிருந்து இறங்கி, தனத்துக்கும் ஜெரோமுக்கும் நடுவில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா தனம், உனுக்குக் கொஞ்சமாவது யோசனை கீதா? கழுத்துல குழாய் வெச்சிகினு ஒரு பொண்ணு படுத்துகினு கீது. அந்த வூட்டுக்கு முறுக்கு குடுத்து அனுப்புவியா? ஆசைப்பட்டு அது ஒண்ணு வாயில போட்டுக்கினா யாரு பொறுப்பு?"

"போட்டிருக்காது அக்கா," என்றாள் தனம்.

"போடாமத்தான் பால் மாதிரி வருதா?"

அப்போது உள்ளிருந்து இரண்டு முறை கைதட்டும் ஓசை வந்தது. ஜீவிதா சத்தமாகப் பேசக்கூடாது என்பதால், கூப்பிட வேண்டுமானால் கைதட்டுவாள். வாசலுக்கு வந்து நின்றாள். கழுத்தில் கட்டு, அதிலிருந்து மெல்லிய குழாய், அதன் முனையில் நைட்டியின் பையில் செருகிய ஒரு டப்பா.

"அண்ணா," என்றாள் காற்றுக் குரலில், "அந்த முறுக்கை நீதான் தின்னே. ராத்திரி வந்து, பசிக்குதுன்னு, நின்னுகிட்டே."

தனம் மேலும் இரண்டு படி ஏறி, வெற்றியோடு இடுப்புச் சேலையைச் செருகிக்கொண்டாள். அந்த வெற்றியைக் கொண்டாட யாருக்கும் நேரமில்லை. ஏனென்றால் ஜெரோம் அடுத்துச் சொன்னது சின்னக் குரலில் வந்தது.

"அப்ப மருந்து எண்ணெய்தான் வேலை செய்யலை. பதினொரு மணிக்கு டாக்டர் பாக்கறாரு. வேலை செய்யலைன்னா திங்கக்கிழமை மறுபடி கழுத்தைத் திறக்கணும்னு சொல்லியிருக்காரு."

ஜீவிதா தன் கட்டின்மேல் கை வைத்துக்கொண்டாள். தெருவுக்கே அது புதுச் செய்தி.

நடந்தது இதுதான். ஜீவிதா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஐம்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் அடக்கும் குரல். நவம்பரில் அவள் கழுத்தில் தைராய்டு கட்டியையும் கூட இருந்த சில நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கழுத்துக்குள்ளே ஓரத்தில் நூல் மாதிரி ஒரு குழாய் ஓடுகிறதாம், நாம் தின்னும் கொழுப்பையெல்லாம் குடலிலிருந்து சுமந்து வந்து ரத்தத்தில் சேர்ப்பது அதுதானாம். அது கசிய ஆரம்பித்தது. கசிவதை வெளியே எடுக்கத்தான் கட்டிலிருந்து வரும் குழாயும் டப்பாவும்; கொழுப்பு தின்றால் அதில் பால் மாதிரி வரும். எப்பேர்ப்பட்ட கைக்கும் இது நேரும் என்றார் டாக்டர். கசிவு தானாக அடைய வேண்டுமென்றால் அந்தக் குழாயில் போக்குவரத்து இருக்கக்கூடாது. அதற்காகக் கொழுப்பே தின்னாவிட்டால் உடம்பு தேறாது. ஏற்கெனவே ஆறு கிலோ இறங்கிவிட்டாள். மறுபடி திறந்தாலோ, குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது.

இந்த இக்கட்டுக்கு ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் கொடுத்த வழிதான் எம்.சி.டி. எண்ணெய். தாம்பரம் ரயில் ஷெட்டில் வேலை பார்க்கும் ஜெரோம் அதைத் தாயாரம்மாளுக்கு விளக்கிய விதத்தைத் தெருவில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"மத்த கொழுப்பெல்லாம் பெரிய சைஸ் அம்மா. குடல்லேர்ந்து நேரா ரத்தத்துல ஏற முடியாது, அந்தக் கழுத்து லைன்லதான் வந்தாகணும். அந்த லைன்லதான் லீக். இது நடுத்தர சைஸ். குடல்லயே ரத்தத்துல ஏறி நேரா கல்லீரல்ல போய் இறங்கிடும். தாம்பரத்துல ஏறினா நடுவுல எங்கேயும் நிக்காம எக்மோர்ல இறங்கற மாதிரி. போன உடனே எரிஞ்சு தெம்பாயிடும். பித்தநீர்கூட அதிகம் தேவையில்லை."

மெச்சத்தான் வேண்டும். அதுவரை வெந்நீர் வைக்கத் தெரியாதவன் என்று தனம் சொல்லிக்கொண்டிருந்த பையன், சமையலறையில் நகைக்கடை மாதிரி ஒரு தராசு வைத்துக்கொண்டான். ஆடை நீக்கிய பால், முட்டையின் வெள்ளை, இட்லி, பருப்பு. தாளிக்காத ரசம், தாளிக்காத சாம்பார். எண்ணெயைச் சூடுபடுத்தினால் புகைந்துவிடும் என்பதால், தட்டில் போட்ட பிறகு மேலே ஸ்பூனால் ஊற்றுவான். முதல் நாள் ஒரே ஒரு ஸ்பூன், வயிறு பழகப் பழக மூன்று வேளைக்கும் பிரித்து ஏற்றினான். ஒரு வாரத்தில் ஜீவிதாவின் கன்னத்தில் நிறம் வந்தது. முந்நூறு மில்லி வந்த இடத்தில் நாற்பது வந்தது. முப்பதுக்குக் கீழே போனால் கட்டில் செருகிய குழாயை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

தாயாரம்மாளுக்கு எல்லாமே பிடித்திருந்தது, அந்த எண்ணெயைத் தவிர.

காரணம் இருக்கிறது. அவள் புருஷன் துளசிங்கத்தின் குடும்பம் இந்த மண்ணுக்காரர்கள். நிலக்கடலையும் எள்ளும் விளைந்த அவர்களுடைய நிலத்தில் இப்போது மூன்று நகர்கள் நிற்கின்றன. மிச்சத்தில் அவர்கள் கேம்ப் ரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்தார்கள். பலகையில் காளைமாட்டுப் படம். உள்ளே ஓட்டுவது மூன்று குதிரைசக்தி மோட்டார். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, எண்ணெய் உண்மையிலேயே சுத்தம். தேங்காய் எண்ணெயின் பெருமைகளைப் பலகையில் பதினாறாக வரிசைப்படுத்தி எழுதியிருந்தார்கள். மூளையில் தொடங்கி முட்டிவலியில் முடியும். மார்கழியில் எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்துபோனால் துளசிங்கம் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவார். "பாத்தியா, ஒரு சொட்டு வுழலை. ஒறைஞ்சாத்தான் ஒரிஜினல்."

அப்படிப்பட்ட வீட்டின் கீழே, உயிரே இல்லாத எண்ணெய் ஒன்று குடியிருக்கிறது. வாசனையில்லை, நிறமில்லை, தாளிக்க முடியாது. மருந்துக்கடை சிட்டிபாபு சொல்லி வைத்து வரவழைத்த பாட்டில். தாயாரம்மாள் அதை ஒருநாள் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இன்னாத்துலேர்ந்து எடுக்கறாங்க?" என்றாள்.

"தேங்காயிலேர்ந்துதான் அம்மா," என்றான் ஜெரோம்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வியாழக்கிழமை சாயந்தரம். ஷெட்டில் கூட வேலை செய்பவர் சபரிமலைக்குப் போய்விட்டதால், ஜெரோம் வெள்ளிக்கிழமை ராத்திரி வரை தொடர்ந்து டியூட்டி பார்க்க வேண்டியிருந்தது. ஜீவிதாவைத் தாயாரம்மாள் பொறுப்பில் விட்டுப் போனான். தராசு, ஸ்பூன், என்ன எவ்வளவு என்று எழுதிய தாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டுப் போனான். தாயாரம்மாள் தாளை மதித்தாள். ஒரு கிராம் பிசகவில்லை. ஆனால் தேங்காயிலிருந்துதானே எடுக்கிறார்கள், எடுத்ததைக் கம்பெனிக்காரன் உயிரை உறிஞ்சிவிட்டுத்தானே விற்கிறான், நம் வீட்டில் உயிரோடு இருப்பதைக் கொடுத்தால் பெண் இன்னும் சீக்கிரம் தேறாதா? இதில் அவளுக்கு எள்ளளவும் கெட்ட எண்ணம் கிடையாது. தன் எண்ணெய்மேல் வைத்த நம்பிக்கையைச் சாமிமேல்கூட அவள் வைத்ததில்லை.

மருந்துப் பாட்டிலில் இருந்ததைப் பழைய கண்ணாடி ஜாடி ஒன்றில் ஊற்றி, வீணாக்கக்கூடாது என்று மேலே தன் சமையலறை ஜன்னலில் வைத்தாள். காலியான பாட்டிலில் தன் செக்கு எண்ணெயை நிரப்பிக் கீழே கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை மூன்று வேளையும் அதுதான். "இன்னிக்கு இட்லி ருசியா இருக்கு ஆன்ட்டி," என்று ஜீவிதா காற்றுக் குரலில் சொன்னபோது, தாயாரம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது.

இப்போது சனிக்கிழமை காலை, தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டு அவள் மாடிக்குத் திரும்பினாள். மனசு சரியில்லை. கழுத்தைத் திறக்கணும் என்ற வார்த்தை கூடவே படியேறி வந்தது. வழக்கமாகச் செய்கிற மாதிரி, ஜன்னலில் உறைந்து நிற்கும் எண்ணெய் பாட்டில்களை எடுத்து வெந்நீரில் வைக்கக் கையை நீட்டினாள். ராத்திரிப் பனி நல்ல பனி. பாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாமே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இறுகியிருந்தன.

நாலாவதாக அந்த ஜாடி. அதில் இருந்தது உறையவே இல்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி தெளிவாக ஆடியது.

தாயாரம்மாள் ஜாடியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். எண்ணெய்க்காரிக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒரே பனி, ஒரே ஜன்னல். ஒன்று உறைந்தது, ஒன்று உறையவில்லை. அப்படியென்றால் இரண்டும் ஒன்றல்ல. முப்பது வருஷமாக உறைவதைக் காட்டித்தான் அசல் என்று விற்றார்கள். அந்த உறைவே இன்று அவளைக் காட்டிக்கொடுத்தது. கீழே அந்தப் பெண்ணுக்குத் தான் ஊட்டியது இந்த வெள்ளையைத்தான் என்பதும், குவளையில் வந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்பதும் ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்தது.

ஜெரோமும் ஜீவிதாவும் ஆட்டோவுக்குக் காத்து வாசலில் நின்றார்கள். தாயாரம்மாள் பின்பக்கமாகப் போய் அவர்கள் சமையலறைக்குள் நுழைந்தாள். மருந்துப் பாட்டில் உறைந்து நின்றது. அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். தனம் மேல் மாடிக் கைப்பிடிச்சுவரில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் என்பதும், துணி உலர்த்தும்போது தனத்தின் கண் துணியில் இருப்பதில்லை என்பதும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

ஆட்டோ கிளம்பிப் போயிற்று.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிலைக் கழுவி, ஜாடியில் இருந்ததைத் திரும்ப ஊற்றி, கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். எண்ணெய் வேலை செய்யவில்லை என்று டாக்டர் எழுதியிருப்பார். கடைக்கும் கெட்ட பேர் இல்லை, வீட்டுக்காரிக்கும் தலைக்குனிவு இல்லை. தாயாரம்மாள் இதை யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அடுப்படியில் உட்கார்ந்து முழுசாக ஒரு டம்ளர் காபி ஆறும் வரை யோசித்தாள். அப்புறம் காபியைக் குடிக்காமலே எழுந்து கடையில் இருந்த மகனுக்குப் போன் போட்டாள்.

"தீனா, வண்டியை எடுத்துகினு வா. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"யாருக்கு இன்னாமா ஆச்சு?"

"எனக்குத்தான். வா சீக்கிரம்."

பாட்டிலையும் ஜாடியையும் ஒரு பையில் போட்டு ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். தாம்பரம் சானடோரியம் தாண்டும்போது நல்ல வெயில் ஏறிவிட்டது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று, ஆஸ்பத்திரியில் இறங்கி அவள் பையைத் திறந்து பார்த்தபோது, எஞ்சின் சூட்டில் பாட்டிலில் இருந்தது முழுக்க உருகியிருந்தது. இப்போது இரண்டும் ஒரே மாதிரி தெளிவாக இருந்தன. பார்த்தால் எது எது என்று யாருக்கும் தெரியாது. அவள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

டயட்டீஷியன் அறையில் ஓவியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். அவளெதிரே ஜெரோம், ஜீவிதா. மேசைமேல் ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் தாள். ஜெரோம் பேனாவைத் திறந்து வைத்திருந்தான்.

"தம்பி, கையெழுத்து போடாத," என்றாள் தாயாரம்மாள் வாசலிலிருந்தே.

"அம்மா, நீங்க எங்கே இங்க?"

"அந்த எண்ணெய் மேல தப்பு இல்ல. அந்தப் பொண்ணு நேத்து அதைச் சாப்பிடவே இல்ல. நான் மாத்திட்டேன்." இரண்டையும் மேசைமேல் வைத்தாள். "இது உங்க எண்ணெய். இது எங்க கடை எண்ணெய். தேங்காயிலேர்ந்துதான்னு நீ சொன்ன பாரு, அதைக் கேட்டுகினு நான் நம்ம எண்ணெயே ஒசத்தின்னு ஊத்திட்டேன். காலையில தனத்தைத் திட்டினேனே, அது எனக்கு வரவேண்டிய திட்டு."

தீனா கதவுக்குப் பின்னால் மறைந்து நின்றான். ஜெரோம் எழுந்தான். அவன் முகத்தைப் பார்த்துத் தாயாரம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜீவிதா ஒரு முறை கைதட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை இப்படி அப்படி ஆட்டினாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஓவியா மருந்துப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். உருகினாலும் வாசனை போகுமா? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்ல எண்ணெய்மா. ரொம்ப நல்ல எண்ணெய்."

"இன்னும் ஏன்மா பேஜார் பண்ற?"

"நிஜமாத்தான் சொல்றேன். ஆரோக்கியமா இருக்கிறவங்க அளவா சாப்பிட்டா ஒண்ணுமில்லை. ஆனா தேங்காய் எண்ணெய்ல இந்த நடுத்தரக் கொழுப்பு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் அதைவிட நீளம். அது பழையபடி கழுத்து லைனுக்குத்தான் வரும். அந்தக் கொஞ்சத்தை மட்டும் பிரிச்சு எடுத்ததுதான் இது. அதனாலதான் இது பனியில உறையாது." அப்புறம் தாளை எடுத்து நான்காக மடித்தாள். "எத்தனை ஸ்பூன், எந்தெந்த வேளைன்னு கரெக்டா சொல்ல முடியுமா?"

தாயாரம்மாள் சொன்னாள். கிராம் கணக்கில் சொன்னாள். ஓவியா எழுதிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"ஆறு நாள் டைம் குடுத்திருக்காரு. புது பாட்டில் வாங்கிக்கோங்க, இந்த ஜாடி வேண்டாம். திங்கக்கிழமை ஆபரேஷன் இல்லை." தாயாரம்மாள் பக்கம் திரும்பினாள். "நீங்க வந்து சொல்லலைன்னா, இது பலிக்கலைன்னு நாங்க முடிவு பண்ணியிருப்போம். இவங்க கழுத்தைச் சும்மா திறந்திருப்போம். இதை யாரும் வந்து சொல்ல மாட்டாங்கமா."

தாயாரம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைத்துக்கொண்டே, பழக்கதோஷம், கேட்டுவிட்டாள்: "நீ எந்த ஊரும்மா? சொந்த வூடா?"

அன்று சாயந்தரம் தாயாரம்மாள் மேல் மாடி ஏறி, தனத்தின் வாசலில் நின்று, "அந்த முறுக்கு மிச்சம் கீதா?" என்று கேட்டாள். அவள் வழியில் அதுதான் மன்னிப்பு. தனம் தட்டை நீட்டினாள். "காலையில முந்தானைக்குள்ள ஒண்ணு மறைச்சு எடுத்துட்டுப் போனீங்களே, அது என்ன அக்கா?" என்று கேட்கவும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த ஆறு நாளும் தாயாரம்மாள் இருந்த இருப்பைத் தெரு பார்த்தது. ஜெரோம் டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் அவள்தான் தராசு. கடையிலிருந்து வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அந்தச் சமையலறைக்குள் நுழைவாள், விரலில் ஒட்டிய எண்ணெய்கூட உள்ளே போகக்கூடாது என்று. இட்லிமேல் அந்த மருந்து எண்ணெயை ஊற்றும்போது, கோவிலில் தீர்த்தம் கொடுப்பவர் கையைப் போல அவள் கை நிதானமாக இருக்கும். மூன்றாம் நாள் வெள்ளை போயிற்று. கிறிஸ்துமஸ் அன்று ஐம்பது. அதற்கு அடுத்த நாள் இருபத்தைந்து. அதற்கும் அடுத்த நாள் பதினைந்து. ஆறாம் நாள் குழாயை எடுத்துவிட்டு ஜீவிதா வீட்டுக்கு வந்தபோது, தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "ஆன்ட்டி" என்று கூப்பிட்டாளாம். மெதுவாகத்தான், ஆனால் குரலோடு. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொங்கல் லீவு முடிந்து வந்தபோது பழைய டீச்சரே திரும்பி வந்திருந்தாள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். டாக்டர் அனுமதி கொடுத்த மாசி மாதத்தில், ஜீவிதா வீட்டில் முதல்முறையாகச் சாம்பாருக்குத் தாளித்தார்கள். தாளித்தது தாயாரம்மாள், எண்ணெய் துளசிங்கம் கடையுடையது, அளவு ஜெரோமுடையது. மே மாதம் ஜீவிதாவுக்கும் வண்டலூர்க்காரர் ஏசுபாதத்துக்கும் கல்யாணம் ஆயிற்று. அவரும் வாத்தியார்தான், ஆனால் அவருக்கு மைக் வேண்டும். ஜெரோமும் அங்கேயே தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போய்விட்டான். தராசைக் கையோடு எடுத்துப் போனான்.

ஓவியாவின் ஊர் சிங்கப்பெருமாள் கோவில், சொந்த வீடுதான். ஆவணியில் அங்கேயே கோவிலில் வைத்து அவளுக்கும் தீனாவுக்கும் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்று தாயாரம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை என்று துளசிங்கம் சொல்கிறார். அது நம்பும்படியாக இல்லை. வந்த ஒரு மாதத்தில் மருமகள் கடைப் பலகையிலிருந்த பதினாறு பெருமைகளில் பதினாலைச் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டாள். மாமியார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தனம் எங்கேயும் போகவில்லை, இன்னும் மேல் மாடியில்தான் இருக்கிறாள். ஜெரோம் காலி செய்த கீழ்ப் போர்ஷன் இன்னும் காலியாக இருக்கிறது. யாராவது வாடகைக்குக் கேட்டு வந்தால் வீட்டைக் காட்டுவது அவள்தான், சமையலறை ஜன்னலில் கொஞ்சம் அதிக நேரம் நின்று, முந்தானைக்குள் பாட்டில் போன கதையையும் சேர்த்துச் சொல்லி.